மழை வடிந்த பிறகு சேறு தள்ள பழைய சின்ன டிராக்டர்: வட சென்னைக்கான கேள்வி பதில்கள்

புழல் ஏரியின் உபரி நீர் வடபெரும்பாக்கம், மணலி, சடையங்குப்பம் வழியாக எண்ணூர் முகத்துவாரம் நோக்கிப் போகும். பெருமழை ஆண்டுகளில் தண்ணீர் வடிந்துவிட்டாலும் சேறு வடிவதில்லை. செங்குன்றத்து அரிசி ஆலைக் களங்கள், மாதவரம் குடோன் வளாகங்கள், நீண்ட நடைபாதையுள்ள வீடுகள் என எங்கும் மூன்று, நான்கு அங்குலத்துக்கு மணலும் களிமண்ணும் படிந்து நிற்கும். அதைத் தள்ளிச் சுத்தம் செய்ய ஒரு பழைய டிராக்டர் வாங்கி நிறுத்திக்கொள்ளலாமா என்று யோசிப்பவர்களுக்கான பக்கம் இது.

ஜேசிபி வாடகைக்குக் கிடைக்கும்போது டிராக்டர் எதற்கு?

வருடத்தில் பத்து மணி நேரத்துக்கும் குறைவான வேலை என்றால் வாங்க வேண்டாம், வாடகையே சரி. டிராக்டர் இரண்டு இடங்களில்தான் கட்டுப்படியாகும். ஒன்று, ஜேசிபி நுழைய முடியாத சந்தும் கேட்டும் உள்ள வளாகம். இன்னொன்று, சேறு வாருவதோடு களம் சமப்படுத்துவது, டிரெய்லர் இழுப்பது, பம்ப் ஓட்டுவது என்று ஆண்டு முழுக்க வேலை இருக்கும் இடம். ஊரே மூழ்கியிருக்கும் வாரத்தில் வாடகை வண்டி கிடைக்காது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வாரத்துக்காகவே வண்டி வைத்திருப்பவர்கள் உண்டு, அதில் தவறும் இல்லை.

எத்தனை எச்.பி. வேண்டும்?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது வண்டியின் எடை. சேற்றில் இன்ஜின் திணறி நிற்பது அபூர்வம், சக்கரம் வழுக்குவதுதான் அன்றாடப் பிரச்சினை. ஈரமான, வழுக்கும் தரையில் ஒரு டிராக்டர் தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இழுக்கும். 750 கிலோ மினி டிராக்டர் என்றால் சுமார் 250 கிலோ விசை, 1,700 கிலோ வண்டி என்றால் 550 கிலோவுக்கு மேல்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 அடி நீளம், 12 அடி அகலப் பாதையில் 4 அங்குலம் சேறு என்றால் 400 கன அடி, அதாவது 4 யூனிட். ஈரச் சேறு கன மீட்டருக்கு 1.6 முதல் 1.9 டன் இருக்கும். ஆகவே அந்தப் பாதையில் கிடப்பது சுமார் 19 டன். மினி டிராக்டரின் 4 அடி பிளேடு (வண்டியின் பின்னால் மாட்டிச் சேறு தள்ளும் இரும்புத் தகடு) ஒரு தள்ளலுக்கு 5 கன அடி எடுத்தால் 80 தள்ளல், பெரிய வண்டியின் 6 அடி பிளேடு 9 அல்லது 10 கன அடி எடுத்தால் 40 சொச்சம். இரண்டாலும் முடியும். பெரிய வண்டிக்கு அரை நாள் வேலை, மினிக்கு ஒரு முழு நாள் வேலை.

அமெரிக்காவில் பனி தள்ள ஃபோர்டு 8என், ஃபார்மால் கப் மாதிரியான பழைய வண்டிகளை வாங்குகிறார்களே, அந்த ஆலோசனைகள் இங்கே பொருந்துமா?

பாதி பொருந்தும். அங்கே புதிதாக விழுந்த பனி கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோதான். மேலே சொன்ன பாதையில் 4 அங்குலம் பனி விழுந்தால் அரை டன்னிலிருந்து ஒரு டன் சொச்சம்தான். அதனால்தான் 1947 முதல் 1952 வரை வந்த 8என் போன்ற பெட்ரோல் வண்டியும் அங்கே தாக்குப்பிடிக்கிறது. நம் சேறு அதைவிடப் பதினைந்து மடங்குக்கு மேல் கனம், ஆகவே அதே அளவு வண்டியில் இங்கே பாதி அகலமாகத்தான் பிளேடை ஓட்ட முடியும்.

டயர் சங்கிலி நமக்கு வேண்டாம், காங்கிரீட்டைப் பெயர்த்துவிடும். டயருக்குள் கால்சியம் குளோரைடு கரைசல் நிரப்பச் சொல்வார்கள். அது தண்ணீர் உறையாமல் இருக்க. இங்கே வெறும் தண்ணீர் போதும், அந்த உப்பு ரிம்மை அரிப்பதுதான் மிச்சம்.

ஆனால் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. பனிக்காலத்துக்கு முன்பே பாதையின் இரு ஓரமும் குச்சி நட்டு வைப்பார்கள். நாமும் செப்டம்பரிலேயே சம்ப் மூடி, செப்டிக் டேங்க், குழாய் வால்வு, எர்த் பிட் எல்லாவற்றின் மூலைகளிலும் நான்கடி மூங்கில் நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிட வேண்டும். சேறு மூடிய பிறகு அவற்றைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

எந்த மாடலைத் தேடலாம்?

இடம் இருந்தால் முதல் தேர்வு மாஸ்ஸி ஃபெர்குசன் 1035. மூன்று சிலிண்டர் சிம்சன் இன்ஜின், சுமார் 36 எச்.பி., எடை 1,700 கிலோ அளவில். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஓடிய எம்.எஃப். 35-இன் வழிவந்தது. 1960இல் தொடங்கிய, இந்த டிராக்டரைச் செய்யும் டாஃபேயும் இன்ஜின் செய்யும் சிம்சனும் நம் செம்பியத்தில் வேரூன்றியவை என்பதால், பெரம்பூர், மாதவரம் பக்கம் இந்த இன்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டும் மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். இந்த வேலைக்கு அதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

அடுத்தது ஐஷர் 242. ஒற்றைச் சிலிண்டர், காற்றால் குளிரும் இன்ஜின், 25 எச்.பி. ரேடியேட்டரே இல்லை என்பதால் சேறு அடைத்துச் சூடேறும் தொல்லை குறைவு. ஆனால் சிலிண்டரைச் சுற்றியுள்ள, சூடு தணிக்கும் மெல்லிய தகடுகளில் காய்ந்த சேறு ஒட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதிர்வு அதிகம், போல்ட்டுகள் தளர்ந்தபடியே இருக்கும். 1974 முதல் வரும் சுவராஜ் 724-உம் நல்ல கனமான வண்டி. எச்.எம்.டி. 2522 உறுதியானதுதான், ஆனால் பிஞ்சோர் ஆலை மூடப்பட்டுவிட்டதால் பாகம் தேட அலைய வேண்டும். விலை மலிவு என்பதற்காக மட்டும் அதை எடுக்காதீர்கள்.

குறுகிய சந்துக்கு மிட்சுபிஷி சக்தி எம்.டி. 180டி. மூன்று சிலிண்டர், 18.5 எச்.பி., நான்கு சக்கர இழுவை, அகலம் நாலடிக்குள். எடை குறைவு என்ற குறையை நான்கு சக்கர இழுவை பெருமளவு ஈடுகட்டும். மஹிந்திரா யுவராஜ் 215 பழையது என்று சொல்லும் அளவுக்கு வயதானதல்ல. 15 எச்.பி., ஒற்றைச் சிலிண்டர். இரண்டு அங்குலம் வரையான சேற்றுக்கு அது போதும், அதற்குமேல் வழுக்கும்.

வண்டி பார்க்கப் போகும் முன் வீட்டில் என்ன அளக்க வேண்டும்?

கேட்டின் சுத்த அகலம், திரும்பும் இடம், மேலே தொங்கும் கேபிளின் உயரம். 1035-இன் அகலம் சுமார் ஐந்தரை அடி. ஆறடி கேட்டில் நுழையும், ஆனால் 6 அடி பிளேடோடு நுழையாது.

இவற்றைவிட முக்கியமானது சம்ப் மூடி. நடக்கவும் பைக் நிறுத்தவும் போட்ட 4 அங்குல காங்கிரீட் பலகை, ஒரு பின் சக்கரத்தின் கீழே அரை டன்னுக்கு மேல் வாங்கினால் விரிசல் விடும். அதுவும் கம்பி துருப்பிடித்த பழைய பலகை என்றால் சொல்லவே வேண்டாம். பாதையின் நடுவில் செப்டிக் டேங்க் உள்ள வீடுகளுக்கு, எவ்வளவு ஆசைப்பட்டாலும், மினி டிராக்டர் மட்டுமே.

ஓட்டிப் பார்க்கும்போது எதைச் சோதிக்க வேண்டும்?

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். போனவுடன் சைலன்சர் மேனிஃபோல்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிரில் ஸ்டார்ட் ஆகாத வண்டியை உங்களுக்காக முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். அப்படியானால் மறுநாள் காலை வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

ஸ்டார்ட் ஆன பிறகு புகையைக் கவனியுங்கள். முதல் அரை நிமிடம் வெள்ளைப் புகை சகஜம். சூடான பிறகும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, ரிங் அல்லது லைனர் தேய்ந்திருக்கிறது. சுமை கொடுக்கும்போது கறும்புகை தொடர்ந்தால் நாசில், டீசல் பம்ப், இல்லாவிட்டால் அடைத்த ஏர் ஃபில்டர். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றித் துளையின் மேல் தளர்வாக வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை, தூக்கி எறிந்தால் இன்ஜின் வேலை காத்திருக்கிறது. ரேடியேட்டர் உள்ள வண்டியில், குளிர்ந்த நிலையில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும்.

சேறு தள்ளும் வேலைக்கு இன்ஜினைவிட அதிகம் சோதிக்க வேண்டியது, பின்னால் மாட்டிய பிளேடைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் லிஃப்ட். கலப்பையோ 200 கிலோ மூட்டைகளோ மாட்டித் தூக்கி, இன்ஜினை நிறுத்தி அரை மணி நேரம் விடுங்கள். இரண்டு மூன்று அங்குலம் இறங்கினால் சமாளிக்கலாம். தரையைத் தொட்டுவிட்டால் சிலிண்டர் சீல் அல்லது கண்ட்ரோல் வால்வு தேய்ந்திருக்கிறது. அந்த லிஃப்டில் பிளேடை ஒரே உயரத்தில் நிறுத்த முடியாது, தரை மேடும் பள்ளமுமாகத்தான் வரும். பிறகு கிளட்ச்சை முழுக்க மிதித்துக்கொண்டு லிஃப்ட் லீவரை உயர்த்துங்கள். பல பழைய ஒற்றைக் கிளட்ச் வண்டிகளில் கிளட்ச்சோடு லிஃப்டும் நின்றுவிடும். சுவரருகே வந்து கிளட்ச் மிதித்து நிறுத்தும் நேரத்தில் பிளேடு உயராது என்று இதற்கு அர்த்தம். பழகிக்கொள்ளலாம், ஆனால் வாங்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்டியரிங்கில் இரண்டு அங்குலம் வரை ஆட்டம் இருக்கலாம். கால் சுற்று ஆடினால் ஸ்டியரிங் பாக்ஸ் வேலை உண்டு. முன் அச்சை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழும் அசைத்தால் கிங் பின்னும் (முன் சக்கரம் திரும்பும் அச்சாணி) நடு பின்னும் (முன் அச்சைத் தாங்கும் நடு ஆணி) தம் நிலைமையைச் சொல்லிவிடும். ஒவ்வொரு கியரிலும், ரிவர்ஸிலும்கூட, சுமையோடு ஓட்டிப் பாருங்கள். ரிவர்ஸ் கியர் துள்ளி வெளியே வரும் வண்டியை இந்த வேலைக்கு வாங்கவே கூடாது, பாதி வேலை ரிவர்ஸில்தான் நடக்கும்.

கடைசியாக கியர் ஆயில் டிப் ஸ்டிக்கை எடுத்து, நுனியில் வரும் ஆயிலை விரலில் தேயுங்கள். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி மலிவாக வருகிறது, எடுக்கலாமா?

மூழ்கிய உடனே யாரும் ஸ்டார்ட் செய்யாமல் இருந்தால் யோசிக்கலாம். தண்ணீர் நிறைந்த சிலிண்டரோடு செல்ஃப் அடித்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஹெட்லைட் கண்ணாடிக்கு உள்ளே சேற்றுக் கோடு, டைனமோவின் பின்புறம் பச்சை பூத்த செம்பு, இரண்டும் நீரில் நின்ற வண்டியின் அடையாளம். நல்ல நீர் என்றால் பேரம் பேசலாம். எண்ணூர் பக்கத்து உப்பு நீரில் நின்றதென்றால் விட்டுவிடுங்கள்.

ஆர்.சி.யில் என்ன பார்க்க வேண்டும்?

சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் டீசல் நனைத்த துணியால் துடைத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். இன்ஜின் மாற்றிய பழைய வண்டிகள் ஏராளம், மாற்றியது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். 15 ஆண்டு முடிந்திருந்தால் புதுப்பித்திருக்கிறார்களா என்று பாருங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வங்கிக் கடன் பதிவு இருந்தால் படிவம் 35-உம் வங்கியின் தடையின்மைச் சான்றும் வேண்டும். வேறு மாவட்ட வண்டி என்றால் படிவம் 28.

விவசாய டிராக்டராகப் பதிவான வண்டியை அக்கம்பக்கத்தில் வாடகைக்கு ஓட்டினால் விபத்தின்போது இன்சூரன்ஸ் கைவிரிக்கக்கூடும். சொந்த வளாகத்துக்குள் ஓட்டுவது வேறு. ஆனால் சேற்றைக் கொட்ட ஒரு தெருவைக் கடந்தாலும் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம்.

முன்னால் லோடரா, பின்னால் பிளேடா?

பழைய வண்டிக்குப் பின் பிளேடுதான். லோடரில் சேறு அள்ளித் தூக்கினால் எடை முழுக்க முன் அச்சில் உட்காரும். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில் கை ஓய்ந்துபோகும், கிங் பின் ஒரே பருவத்தில் போய்விடும், பின் சக்கரம் இலேசாகி இன்னும் வழுக்கும்.

பின் பிளேடைத் திருப்பி மாட்டி ரிவர்ஸில் தள்ளலாம். ஆனால் பிளேடை வண்டியோடு பிணைக்கும் கீழ்க் கைகளும் மேலே உள்ள டாப் லிங்க்கும் இழுவைக்காகச் செய்யப்பட்டவை, ரிவர்ஸ் தள்ளலில் அவற்றின்மேல் நேர் எதிர் விசை ஏறும். வேகமாகப் போய்ச் சுவரிலோ காய்ந்த மேட்டிலோ மோதினால் வளைந்துவிடும். முதல் கியர், 1,500 ஆர்.பி.எம்.-க்குள், அவ்வளவுதான்.

பிளேடு பின் டயர்களின் வெளி அகலத்தைவிடச் சற்றே பெரிதாக இருந்தால் சக்கரத் தடம் மிஞ்சாது. 1035-க்கு 6 அடி, மினிக்கு 4 அடி. இரு ஓரமும் 8 அங்குலத் தகடு வெல்டிங் செய்து காது போல வையுங்கள். இல்லாவிட்டால் கூழ்ச் சேறு ஓரமாக வழிந்து, தள்ளியதில் பாதி பழைய இடத்துக்கே திரும்பும்.

பேவர் பிளாக் தரை பெயர்ந்துவிடாதா?

வெறும் இரும்பு விளிம்பு ஓட்டினால் பெயரும். பழைய கன்வேயர் பெல்ட் 10 அல்லது 12 மி.மீ. தடிமனில் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும். பிளேடின் முழு நீளத்துக்கு வெட்டி, இரும்பு விளிம்புக்குக் கீழே 2 அங்குலம் நீட்டி, மேலே 40 × 6 மி.மீ. பட்டை வைத்து, 6 அங்குலத்துக்கு ஒன்றாக 12 மி.மீ. போல்ட் போட்டு முறுக்குங்கள். ஒரு அங்குலம் தேய்ந்ததும் கீழே இறக்கிக்கொள்ளும்படி துளைகளை நீள்வட்டமாகப் போடுவது நல்லது.

டயரில் தண்ணீர் எவ்வளவு நிரப்பலாம்?

முக்கால் பங்கு. வால்வை மேலே, கடிகாரத்தின் 12 மணி நிலையில் நிறுத்தி, வால்வு மட்டம் வரை நிரப்பினால் அந்த அளவு வந்துவிடும். 1035-இன் 12.4-28 டயரில் ஒன்றுக்கு சுமார் 150 லிட்டர், இரண்டிலுமாக 300 கிலோ எடை கூடும். நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். போரில் உப்பு நீர் வரும் தெருக்களில் இதற்காக ஒரு லாரித் தண்ணீர் வாங்குவதுகூடத் தகும்.

எப்போது தள்ளத் தொடங்க வேண்டும்?

கூழாக இருக்கும்போது தள்ளினால் ஓடிவிடும். காய்ந்துவிட்டால் களிமண் பாறைபோல் இறுகிவிடும். மண்வெட்டியால் வெட்டினால் ஓரம் சரியாமல் நிற்கிறதா என்று பாருங்கள். வெயில் அடித்தால் தண்ணீர் வடிந்த ஒன்று அல்லது இரண்டாவது நாளில் அந்தப் பதம் வரும்.

பிளேடின் பாதி அகலத்துக்கு மட்டும் சேறு விழும்படி, தள்ளலுக்குத் தள்ளல் பாதி மேற்கவிந்து ஓட்டுங்கள். பிளேடின் சாய்வை மாற்ற டாப் லிங்க்கை ஒருமுறைக்கு ஒரு சுற்று மட்டும் திருகிச் சரிபாருங்கள். குவியலை மழைநீர் வடிகாலிலோ அதன் வாயிலோ சேர்க்கக் கூடாது, அடுத்த மழைக்கு அதே தண்ணீர் உங்கள் வாசலுக்கே வரும். ஓரமாகக் குவித்து ஒரு நாள் தண்ணீர் வடிய விட்டு டிப்பரில் ஏற்றினால் லோடு எண்ணிக்கை கண்கூடாகக் குறையும்.

நீர் தேங்கியிருக்கும் தெருவில் மின்வாரிய பில்லர் பாக்ஸ் அருகே பிளேடைக் கொண்டுபோகவே வேண்டாம். கூடவே நிற்பவர்கள் கம் பூட்ஸ் போட வேண்டும், கால் புண்ணோடு இறங்கினால் எலிக் காய்ச்சல் வரக்கூடும்.

2023இல் மிக்ஜாம் புயலின்போது எர்ணாவூர் பக்கம் எண்ணெய் கலந்து வந்ததுபோல் சேறு வந்தால்?

டிராக்டரை இறக்காதீர்கள். எண்ணெய்க் கசடு கலந்த சேற்றைத் தள்ளினால் மேலும் பரவும், கால்வாயில் இறங்கினால் முகத்துவாரம் வரை போகும். டயர் ரப்பரும் ஆயில் சீல்களும் ஊறிக் கெடும். மாநகராட்சிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் தகவல் சொல்லி, தனியாக அள்ளி எடுத்துச் செல்ல வைக்க வேண்டிய கழிவு அது.

வண்டி சேற்றில் சிக்கினால்?

முதலில் டிஃப் லாக், அதாவது இரு பின் சக்கரங்களையும் ஒன்றாகச் சுற்ற வைக்கும் பெடல். ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போது மிதிக்காதீர்கள். நிறுத்தி, மிதித்து, மெல்ல நகர்த்துங்கள், திருப்பாதீர்கள். வராவிட்டால் சக்கரத்தின் முன்னும் பின்னும் மண்வெட்டியால் சரிவு வெட்டுங்கள். சக்கரத்தில் கட்டையைக் கட்டி ஏற்றும் பழக்கம் ஆளைக் கொல்லும். கட்டை பிடித்துச் சக்கரம் நின்றுவிட, இன்ஜின் முன்பக்கத்தைத் தூக்கி வண்டியைப் பின்னோக்கிக் கவிழ்த்துவிடும், ஓட்டுபவர் குதிக்க நேரமிருக்காது. சங்கிலி கட்டுவதாக இருந்தாலும் அச்சுக்குக் கீழேயுள்ள டிராபாரில் (இழுவைக் கம்பியில்) மட்டும், டாப் லிங்க் கொக்கியில் ஒருபோதும் கூடாது. மட்கார்டில் யாரையும் உட்கார வைக்காதீர்கள்.

தேங்கிய தண்ணீரை இறைக்க இதே வண்டியில் பம்ப் ஓடுமா?

ஓடும். பி.டி.ஓ.வில் (இன்ஜின் விசையை வெளியே தரும் பின்புற ஷாஃப்ட்டில்) 540 ஆர்.பி.எம்.-இல் ஓடும் பம்ப்பையே வாங்குங்கள். ஷாஃப்ட் மேல் பிளாஸ்டிக் உறை இல்லாமல் ஓட்டாதீர்கள், லுங்கியோ துண்டோ சிக்கினால் கையையும் சேர்த்துச் சுற்றிவிடும்.

வேலை முடிந்த அன்று என்ன செய்ய வேண்டும்?

நல்ல தண்ணீரில் கழுவி எல்லா நிப்பிளிலும், பழைய சேற்றுக் கிரீஸ் வெளியே வந்து புதுக் கிரீஸ் தெரியும்வரை கிரீஸ் கன் அடியுங்கள். கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் ஒரு சிறு துளையும் அதில் பின்னும் இருக்கும். பின்னை அசைத்துத் தண்ணீர் வடிகிறதா பாருங்கள். அத்திப்பட்டு, எண்ணூர் பக்கத்து அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த மண் காய்ந்தால் தூசாகி இன்ஜினுக்குள் போய் லைனரைத் தேய்க்கும். ஆயில் பாத் ஏர் ஃபில்டரின் கிண்ணத்தைக் கழற்றி, அடியில் அரை அங்குலத்துக்குச் சகதி இருந்தால் ஆயிலை மாற்றுங்கள். கடற்கரையோரத் தெருக்களில் அடிப்பாகத்துக்குப் பழைய இன்ஜின் ஆயிலும் டீசலும் கலந்து ஸ்பிரே அடிப்பது உண்டு. அடிக்கலாம், ஆனால் பிரேக் டிரம்மையும் டயரையும் சாக்கு கட்டி மூடிவிட்டு.

மிச்ச மாதங்கள் சும்மா நிற்கும் வண்டியை எப்படி வைத்திருப்பது?

டீசல் டேங்கை நிரப்பியே வையுங்கள். காலி டேங்கில் ஈரம் வியர்த்துத் தண்ணீராகி, டீசல் பம்ப்பைக் கெடுத்துவிடும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 20 நிமிடம் ஓட்டி, லிஃப்டை நாலைந்து முறை தூக்கி இறக்குங்கள்.

பலருக்கும் தெரியாமல் போவது கிளட்ச் ஒட்டிக்கொள்வது. நம் ஊர் ஈரக்காற்றில் சில மாதங்கள் நின்ற வண்டியில் கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு துருப்பிடித்து ஒட்டிவிடும். மழை வந்து அவசரமாக எடுக்கும்போது கியரே விழாது. நிறுத்தும்போது பெடலை முழுக்க மிதித்து, மரக்கட்டை முட்டுக் கொடுத்து வைத்தால் ஒட்டாது. வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாவது வாரத்தில் தொடங்கும். செப்டம்பர் முடிவதற்குள் ஆயில், ஃபில்டர், ஃபேன் பெல்ட், டயர் காற்று எல்லாம் பார்த்து, பிளேடை மாட்டி ஒருமுறை களத்தில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். தீபாவளி நெருக்கத்தில் மெக்கானிக்கும் பாகக் கடையும் கிடைப்பது கஷ்டம்.